எழுதிய கைகளும் காத்த கையும்

நுழையும்முன்

அச்சேறிய நூலின் முகப்பில் பதிப்பாசிரியரின் பெயர் விளங்கும். அந்நூலுக்குச் சுவடி தந்தவர், ஐயம் தீர்த்தவர், பொருளுதவி செய்தவர், ஊக்கமூட்டியவர் ஆகியோரின் உழைப்போ பெரும்பாலும் கடிதங்களிலேயே தங்கியிருக்கும். உ.வே. சாமிநாதையருக்கு வந்த கடிதங்கள், தமிழ் நூல்கள் மீட்கப்பட்ட வரலாற்றின் மறைந்த பக்கங்களைக் காட்டுகின்றன.

ஓலை முதல் அஞ்சல் அட்டை வரை

தமிழில் கடிதத்திற்கு ஓலை, முடங்கல், திருமுகம், நிருபம் எனப் பல பெயர்கள் உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி எழுதிய ஓலையைக் கோசிகன் கோவலனிடம் சேர்க்கிறான். அதைப் படித்த கோவலன் மாதவியின் குற்றமின்மையை உணர்கிறான். தன் பெற்றோருக்குத் தான் எழுத நினைப்பதற்கும் அவ்வோலையின் சொற்கள் பொருந்துவதைக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்க்குமாறு கொடுத்தனுப்புகிறான். திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாளோ மேகத்தையே தூதாக்கினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தூது அரசின் அஞ்சல் துறைக்கு உரியதாயிற்று. 1879ஆம் ஆண்டு இந்தியாவில் காலணா விலையுள்ள அஞ்சல் அட்டை அறிமுகமானது. அடுத்த ஆண்டில் சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பணியேற்றார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணி ஆராய்ச்சியில் இறங்கினார். ஒரே நூலின் சுவடிகள் பல ஊர்களில் சிதறிக் கிடந்த காலம் அது. எல்லா ஊர்களுக்கும் ஒருவரே நடந்து செல்ல இயலாது. அவர் செல்ல இயலாத இடங்களுக்குக் கடிதங்கள் சென்றன.

கரிவலம்வந்தநல்லூரில் கேட்டது

கடிதம் எழுதியும் நேரில் சென்றும் சுவடி தேடியவருக்கு எப்போதும் நற்செய்தியே கிடைத்துவிடவில்லை. இராசபாளையத்திலிருந்து சங்கரன்கோயில் செல்லும் வழியில் அமைந்துள்ளது கரிவலம்வந்தநல்லூர். அவ்வூர்ப் பால்வண்ணநாதர் கோயிலில் பாண்டியர் காலத்து ஏட்டுச்சுவடிகள் இருப்பதாகக் கேள்வியுற்ற சாமிநாதையர் ஆவலோடு அங்குச் சென்றார். பழுதுபட்ட ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியக் கூடாது என்று கருதி, அவற்றை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாக அங்கிருந்தோர் கூறினர். அச்செய்தி அவர் நெஞ்சைச் சுட்டது. அப்படி விதிக்கும் நூல் ஒன்று இருக்குமானால், முதலில் தீயில் இடத்தக்கது அதுவே எனும் கருத்துப்பட அவர் மறுமொழி கூறினார்.

ஏடுகளை எரித்தவர்கள் தமிழை வெறுத்தவர்கள் அல்லர். அவற்றுக்கு மரியாதை செய்வதாகவே அவர்கள் எண்ணினர். ஒன்றின் பயனை அறியாதபோது, மரியாதையும் அதனை அழித்துவிடக்கூடும். எரிந்த ஏடுகளில் என்னென்ன நூல்கள் இருந்தன என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. 'அழிவு' என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிவான விளக்கம் தேவையில்லை.

கடிதக் கருவூலம்

இத்தகைய இழப்புகளின் நடுவே சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பேணிக் காத்தார். அவர் 1942இல் மறைந்தார். மறு ஆண்டு சென்னையில் அவர் பெயரால் நூல்நிலையம் நிறுவப்பெற்றது. அவர் தொகுத்த சுவடிகளும் நூல்களும் கடிதங்களும் அங்குப் பாதுகாக்கப்பட்டன. அக்கடிதங்களுள் 1877 முதல் 1900 வரையிலானவற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பிக்க, 'உ.வே. சாமிநாதையர் கடிதக் கருவூலம்' முதல் தொகுதியாக 2018இல் அந்நூல்நிலையம் வெளியிட்டது.

சாமிநாதையர் அக்காலத் தமிழுலகின் பலதிறத்தாரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். தாமே பதிப்பாசிரியராக விளங்கிய சி.வை. தாமோதரம் பிள்ளை, கொழும்பு பொ. குமாரசாமி முதலியார், ஆக்சுபோர்டில் தமிழ் கற்பித்த ஜி.யு. போப் ஆகியோர் அவர்களுள் சிலர். பாரிசு நகரப் பேராசிரியர் சூலியன் வின்சோன் அவருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். பாரிசிலுள்ள நூலகத்தின் தமிழ்ச் சுவடிகளைப் பற்றியும் அவர் தெரிவித்தார். தமிழ்நாட்டில் கிடைக்காத வில்லைப் புராணத்தின் படி அவர் வழியாகவே சாமிநாதையருக்குக் கிடைத்தது. கோயிலிலிருந்த ஏடு தீக்கிரையானது. கடல் கடந்த ஏடோ ஒரு கடிதத்தால் தாயகம் திரும்பியது.

நினைவும் கடிதமும்

சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. அப்போது அவர் எண்பத்தைந்து அகவையை எட்டிக்கொண்டிருந்தார். தன்வரலாறு, நடந்து முடிந்த பின்னர் நினைவிலிருந்து எழுதப்படுவது. முடிவை அறிந்தவர் எழுதுவது. கடிதமோ முடிவு தெரியாத பொழுதில் எழுதப்படுவது. கேட்ட சுவடி கிடைக்குமா, அச்சுக்குரிய பணம் வந்து சேருமா என்னும் கவலைகள் கடிதத்தில் ஈரம் உலராமல் இருக்கும். ஆகவே, ஒரே காலத்தைப் பேசும் தன்வரலாற்றையும் கடிதங்களையும் அருகருகே வைத்துக் கற்பதே வரலாற்றாய்வுக்கு உகந்த முறையாகும்.

'என் சரித்திரம்' 1899ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு நின்றுவிட்டது. அதற்குப் பின் சாமிநாதையர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தன்வரலாறு மௌனமாகும் அக்காலத்தை அறியக் கடிதங்களின் துணை இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

மறுபாதி எங்கே?

இக்கருவூலத்தில் ஒரு குறையும் உண்டு. அது கடிதத்தின் இயல்பிலேயே அமைந்த குறை. ஒருவரிடம் தங்குபவை அவருக்கு வந்த கடிதங்களே. அவர் எழுதியவை பெற்றவர்களின் இல்லங்களுக்குச் சென்றுவிடும். எனவே, சாமிநாதையருக்கு வந்த வினாக்களையும் விடைகளையும் இத்தொகுப்பில் படிக்கலாம். அவர் எழுதியவற்றைப் பெரும்பாலும் ஊகித்தே அறிய வேண்டும். ஓர் உரையாடலின் ஒரு குரல் மட்டும் செவியில் விழுவது போன்றது இது.

அம்மறுபாதி, பெற்றவர்கள் காத்திருந்தாலன்றிக் கிடைக்காது. பழைய பெட்டியிலும் பரணிலும் கிடக்கும் மங்கிய தாள்களைப் 'பழுது' என்று தள்ளும் ஒவ்வொரு வீட்டிலும், கரிவலம்வந்தநல்லூரின் தீ மீண்டும் மூட்டப்படுகிறது. அவற்றைப் பிரித்துப் படித்து, நாள் குறித்து, ஈரமும் செல்லும் அணுகாமல் வைக்கும் கை, எழுதிய கைக்கு நிகரானது.

தெரிந்து தெளிவோம்

திருவில்லிபுத்தூரில் 1875ஆம் ஆண்டு ஒரு பொது நூலகம் தொடங்கப்பெற்றது. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராக இருந்த பென்னிங்டன் பெயரால் அது பென்னிங்டன் நூலகம் என வழங்குகிறது. அன்று அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டத்தோடும், 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தோடும் இணைந்தது. தமிழகத்தின் பழைமையான பொது நூலகங்களுள் இதுவும் ஒன்று.

கற்பவை கற்றபின்…

1. வீட்டிலோ உறவினர் இல்லத்திலோ உள்ள பழைய கடிதம் ஒன்றை, உரியவரின் இசைவோடு படித்து, எழுதப்பட்ட நாள், ஊர், விளிக்கும் முறை, வழக்கொழிந்த சொற்கள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிவு செய்க.

2. 'தன்வரலாறு, கடிதம் – வரலாற்றுக்குச் சிறந்த சான்று எது?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் நூறு ஆண்டுகளுக்குப் பின் கிடைக்க என்ன செய்யலாம்? ஒரு பக்க அளவில் எழுதுக.