தூரிகையும் கத்தியும்

'எழுதுதல்' என்னுஞ் சொல் தமிழில் எழுத்து வரைதலையும் ஓவியந் தீட்டுதலையும் ஒருங்கே உணர்த்தும். ஜப்பானியர் மொழியிலும் இவ்விரு செயல்களுக்கும் ஒலியால் ஒன்றேயான சொல் வழங்குகின்றது. அவர்கட்கு இரண்டிற்கும் கருவியும் ஒன்றே. அது மை தோய்ந்த தூரிகை. ஆதலின், அந்நாட்டு மரப்பலகை அச்சுச் சித்திரங்களைக் காணும் நாம், அவற்றிலுள்ள எழுத்துக்களைப் புறக்கணித்துப் படத்தை மாத்திரம் நோக்குவோமாயின், பாதியே கண்டவராவோம்.

இச்சித்திரங்கள் இந்நாளில் டோக்கியோ எனப்படும் எடோ நகரத்திற் பெருவழக்குற்றன. 1765-ஆம் ஆண்டில் சுசுகி ஹருனோபு என்னும் ஓவியர் காலத்தில் பல வர்ண அச்சு நிலைபெற்றது. பதிப்பாளர், ஓவியர், செதுக்குவோர், அச்சிடுவோர் ஆகிய நால்வகையினர் உழைப்பாலும் ஒரு படம் உருவாகும். ஓவியர் மெல்லிய தாளில் மையாற் கோடுகளை வரைவர். செதுக்குவோர் அத்தாளைச் செர்ரி மரப்பலகையின்மீது முகங்கவிழ ஒட்டி, கோடுகளின் இருமருங்கும் கத்தியால் வெட்டி, எஞ்சிய பாகங்களை உளியால் அகழ்வர். இங்ஙனம் செய்யுங்கால் மூல வரைவு அழிந்துபடும். ஓவியரது கைத்திறம் முழுவதும் செதுக்குவோரின் கத்திமுனையில் அடைக்கலம் புகும்.

இவ்வேலையில் எழுத்தைச் செதுக்குதல் மிக அரியது. தூரிகை எழுத்து, அழுத்துமிடத்துப் பருத்தும், எடுக்குமிடத்து மெலிந்தும், ஓரெழுத்து மற்றோரெழுத்தினுள் வழிந்தும் செல்லும் இயல்பினது. தூரிகை நொடிப்பொழுதிற் செய்ததைக் கத்தி மெல்ல மெல்லச் செய்தல் வேண்டும். அதுவும் இடம் வலமாக மாறிய வடிவிற் செய்தல் வேண்டும். கை சிறிது பிழைப்பினும் எழுத்தின் ஓட்டம் கெடும்.

1830-ஆம் ஆண்டையொட்டி ஹொக்குசாய் வரைந்த பேரலைச் சித்திரத்தை அறியாதார் சிலரே. அதன் இடப்பக்க மேன்மூலையில் ஒரு கட்டத்துள் படத்தின் பெயரும், அதனருகே கையொப்பமும் உள. 'இட்சு எனப் பெயர் மாறிய ஹொக்குசாயின் தூரிகை' என்பது அக்கையொப்பத்தின் கருத்து. ஆயினும், நாம் காண்பது கத்தி செய்த தூரிகைக் கோடன்றோ? அக்கத்தியைப் பிடித்தவர் பெயர் அப்படத்தில் இல்லை.

1857-ஆம் ஆண்டில் ஹிரோஷிகே வரைந்த, பாலத்தின்மேற் பெய்யும் மழைச் சித்திரத்தை, 1887-ஆம் ஆண்டில் வான் கோ என்னும் டச்சு ஓவியர் எண்ணெய் வர்ணத்தில் எழுதினார். ஜப்பானிய மொழி அறியாத அவர், வேறு அச்சுப் படங்களிலிருந்த எழுத்துக்களைப் பார்த்தெழுதித் தம் படத்தின் நாற்புறமும் விளிம்பாக அமைத்தார். பொருளறியார் கண்ணையும் கவரும் வனப்பு அவ்வெழுத்துக்களில் நிலைத்தது எதனால்? தூரிகையின் அசைவைச் சிதையாது காத்த செதுக்குநர் உழைப்பினாலன்றோ! இனி இத்தகைய சித்திரமொன்று நம் கண்ணிற்படுமாயின், ஓவியரை வியக்கும்போதே, பெயர் தோன்றாத அக்கைகளையும் நினைப்போமாக.