உணவுக் கழிவுக் கரியும் காய்கறிப் பாத்தியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தாவரக் கழிவைக் காற்று அதிகம் புகாதபடி 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் மிஞ்சுவது உயிர்க்கரி. பயோசார் என்ற பெயரிலும் இது விற்பனைக்கு வருகிறது. இதன் நுண்துளைகள் நீரையும் சத்துகளையும் பிடித்துவைக்கும். கரியின் பெரும்பகுதி மண்ணில் பல நூறு ஆண்டுகள் மக்காமல் கிடக்கும். கொல்லிமலையில் 'நாடு' எனப்படும் 14 ஊர்த்தொகுதிகளில் ஒன்றான திண்ணனூர் நாடு போன்ற இடத்தில் இதற்குத் தேவை இருக்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலை நிலங்களில் பெரும்பகுதி, சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக்கு மாறிவிட்டது. மரவள்ளி மண்ணிலிருந்து பொட்டாசியத்தை நிறைய எடுக்கும். கிழங்கு பிடுங்கிய சரிவில் மேல்மண்ணும் மழையோடு இறங்கும். வீட்டை ஒட்டிய காய்கறிப் பாத்தியைத் தேற்ற, வீட்டுக் கழிவிலிருந்தே கரி செய்யலாம் என்ற யோசனை நல்லது. அதைச் சுற்றியுள்ள சில நம்பிக்கைகளைத்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: சாம்பலும் கரியும் ஒன்றுதான்.

சாம்பலில் கார்பன் எரிந்து போய்விடுகிறது; மிஞ்சுவது சுண்ணாம்பும் பொட்டாசியமும் போன்ற தாதுக்கள். ஓரிரு மழையில் அவற்றில் கரையக்கூடியவை கரைந்துவிடும். கரியில் கார்பனின் கணிசமான பங்கு நிற்கிறது. ஆகவே சாம்பலின் பலன் கரியைப் போல நீடிக்காது. கரி மண்ணிலேயே தங்கும்.

நம்பிக்கை: சமையலறையில் மிஞ்சும் எல்லாவற்றையும் கரியாக்கலாம்.

கணக்குப் பார்த்தால் இது நிற்காது. ஈரக் கழிவில் 70 முதல் 80 விழுக்காடு தண்ணீர். 10 கிலோ கழிவில் ஏழரை கிலோ நீர் என்று வைத்துக்கொண்டால், அதை ஆவியாக்கவே ஒரு கிலோவுக்கு மேற்பட்ட காய்ந்த விறகின் முழு வெப்பமும் வேண்டும். திறந்த அடுப்பில் வெப்பத்தின் பெரும்பங்கு வீணாவதால் விறகு இன்னும் பல மடங்கு செலவாகும். இவ்வளவுக்கும் கிடைப்பது முக்கால் கிலோ அளவு கரிதான். அதற்காகக் காட்டு விறகை எரிப்பது மலைக்குச் செய்யும் கேடு. உப்பும் ஒரு சிக்கல். சாம்பார், ஊறுகாய், மிச்சச் சோறு ஆகியவற்றில் உள்ள சோடியத்தில் பெரும்பகுதி சூட்டில் போகாது. கரியில் செறிந்து தங்கும். உப்பைத் தாங்காத பீன்ஸ் போன்ற பயிர் அந்தப் பாத்தியில் கருகும்.

ஈரக் கழிவுக்கு மக்குக் குழியே சரியான இடம். கரிக்கு ஏற்றவை காய்ந்தவையும் காயக்கூடியவையும்தான்: வெயிலில் உலர்த்திய பலாத்தோல், காப்பித் தொலி, மிளகு உதிர்த்தபின் மிஞ்சும் காம்பு. பலாப்பழத்தில் சுளையும் கொட்டையும் போக எடையில் பெரும்பங்கு கழிவுதான். பருவத்தில் அது குவிந்து அழுகுகிறது. விறகடுப்பு எரியும் வீடுகளில் இன்னும் எளிய வழி உண்டு: சமைத்து முடித்ததும் தணலை நீர் தெளித்து அணைத்தால் தனியாகக் கரிமூட்டம் போடாமலே தினமும் கொஞ்சம் கரி சேரும். அடுப்பில் பிளாஸ்டிக் எரிக்காதிருப்பது மட்டுமே நிபந்தனை.

நம்பிக்கை: கரி செய்தால் ஊரே புகையாகும்.

மூடிய மூட்டத்தில் புகை அதிகம்தான். மேலே அகன்று கீழே குறுகிய குழியில், காய்ந்த கழிவை மெல்லிய அடுக்காகப் போட்டு மேலிருந்து தீ வைத்தால் கிளம்பும் புகையைச் சுடரே எரித்துவிடும். மேற்பரப்பில் வெண்சாம்பல் தெரியத் தொடங்கும்போது அடுத்த அடுக்கைப் போட வேண்டும். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி முழுவதும் அணைப்பது கட்டாயம். கோடையில் காட்டை ஒட்டிய இடத்தில் இதைச் செய்யவே கூடாது.

நம்பிக்கை: கரி ஓர் உரம்.

கழிவில் இருந்த தழைச்சத்தின் பெரும்பகுதி சூட்டிலேயே வெளியேறிவிடுகிறது. போதாததற்கு, புதுக் கரியை அப்படியே மண்ணில் கலந்தால் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் அது பிடித்துக்கொள்ளும். சில வாரங்கள் செடி வெளுத்து நிற்கும். கரியைப் பொடித்து, சம அளவு மக்கிய எருவோடு கலந்து, நீர்த்த கோமியம் தெளித்து, இரண்டு மூன்று வாரம் ஈரமாக வைத்த பிறகே பாத்தியில் இட வேண்டும். கொல்லிமலை அமைந்துள்ள, கோழிப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல் மாவட்டத்தில் மக்கிய கோழி எருவும் இதற்கு எளிதாகக் கிடைக்கும். அமேசான் காட்டில் பழங்குடிகள் உருவாக்கிய கரிய மண்ணைக் கரியின் சாதனையாகவே சொல்வார்கள். அதில் கரியோடு உணவுக் கழிவும் எலும்பும் மலக் கழிவும் பல நூற்றாண்டுகள் சேர்ந்திருக்கின்றன. கரி மட்டும் அந்த மண்ணை ஆக்கவில்லை.

நம்பிக்கை: எந்த மண்ணுக்கும் நல்லது, எவ்வளவு போட்டாலும் நல்லது.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வு, வெப்பமண்டல நிலங்களில் சராசரியாக 25 விழுக்காடு விளைச்சல் கூடியதாகவும், மிதவெப்ப நாடுகளில் பலன் இல்லை என்றும் கண்டது. கரி காரத்தன்மை கொண்டது. மழையில் சுண்ணாம்புச் சத்து அரித்துப்போன அமில மண்ணை அது திருத்தும். மலைச் சரிவுகளில் அப்படிப்பட்ட மண் அமைவது இயல்பு. ஏற்கெனவே காரமான சமவெளி மண்ணில் அதே கரி இரும்பு, துத்தநாகக் குறையைக் கூட்டக்கூடும். மண் பரிசோதனை இதனால்தான் முதல் வேலை.

ஆய்வுகளில் பரவலாக இடப்படும் அளவு எக்டேருக்கு 5 முதல் 10 டன். செண்டுக்கு 20 முதல் 40 கிலோ. நாளொன்றுக்கு ஒரு கிலோ ஈரக் கழிவு சேரும் வீட்டில், அத்தனையையும் உலர்த்திக் கரியாக்கினாலும் ஆண்டுக்கு 30 கிலோ கிடைப்பது அரிது. ஆகவே வீட்டுக் கரி மரவள்ளிக் காட்டுக்குப் போதாது. தக்காளி, கத்தரி, மிளகாய் நடும் குழிகளில் மட்டும் ஒரு கைப்பிடி இடுவதே அதன் சரியான பயன்பாடு.

போட்ட கரியைத் திரும்ப எடுக்க முடியாது. ஒரு பாத்தியில் கரி கலந்த எரு, பக்கத்துப் பாத்தியில் அதே அளவு வெறும் எரு என்று வைத்து, இரண்டு பருவ விளைச்சலை நிறுத்துப் பார்த்த பிறகே மற்ற இடங்களுக்கு இதைக் கொண்டுபோக வேண்டும்.