பட்டாளத்திற்கு முன்னும் பின்னும்



ஸ்நாபக அருளப்பரிடம் போய், தாங்கள் செய்யவேண்டியது என்னவென்று கேட்டவர்களில் போர்ச்சேவகரும் இருந்தார்கள் என அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்தின் 3-ம் அதிகாரத்தில் காண்கிறோம். சேவகத்தை விட்டுவிடும்படி அவர் சொல்லவில்லை. எவரையும் வருத்திப் பறிக்காமல், சம்பளத்தோடு திருப்தியாயிருக்கச் சொன்னார். சண்டை முடிந்து வீடு திரும்புகிற சேவகனின் கதி என்ன? அதையே இவ்வாரம் சிந்திப்போம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தியப் பட்டாளத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தனர். கட்டாயத்தால் அல்ல, தாமே பெயர் கொடுத்தவர்கள். அநேகரை அழைத்துப் போனது வயிற்றுப்பாடு. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. நம் ஏனாத்தூர் இருக்கும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்துக் கீழொட்டிவாக்கத்தைச் சேர்ந்தவர் சுபேதார் சுப்ரமணியன். பாலம் போடுவதும் கண்ணிவெடி அகற்றுவதுமான மெட்ராஸ் ஸாப்பர்ஸ் படையில் ஊழியம் செய்தார். 1944 பிப்ரவரி 24-ந் தேதி இத்தாலி நாட்டில் மின்யானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தாமே விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார். மரணத்துக்குப்பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் பதக்கம் அளிக்கப்பட்டது. அவருக்குப் "பின்" என்ற காலம் இல்லை. அன்று தப்பியவர்களுக்கு இருந்தது. இன்னொருவன் உயிரால் வாங்கப்பட்ட வாழ்நாளைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருவது லேசான காரியமா?

திருச்சபை பீடத்தில் ஏற்றிய ஒரு சாதாரணச் சிப்பாயைப் பாருங்கள். அர்ச். தேவ அருளப்பர் 1495-ல் போர்த்துக்கல் தேசத்தில் பிறந்து, ஸ்பெயினில் ஆடு மேய்த்தவர். பிரெஞ்சுக்காரரோடு நடந்த சண்டைக்குச் சிப்பாயாகப் போனார். கொள்ளைப்பொருளுக்குக் காவல் வைக்கப்பட்டார்; பொருள் திருட்டுப் போயிற்று. தூக்குத் தண்டனை விதித்து, கடைசியில் துரத்திவிட்டார்கள். மறுபடியும் ஆடு மேய்த்தார். பின்பு துருக்கரை எதிர்க்க வியன்னாவுக்குப் போன பட்டாளத்தில் சேர்ந்தார். திரும்பி வந்தபின் ஓரிடத்தில் நிலைக்கவில்லை: கூலிவேலை, ஊர் ஊராய்ப் புத்தக வியாபாரம், முடிவில் கிரனாதா நகரம். அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

அங்கே ஒரு ஜனவரி 20-ந் தேதி, போர்வீரரான அர்ச். செபஸ்தியார் திருநாளன்று, ஆவிலா அருளப்பரின் பிரசங்கத்தைக் கேட்டு, தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு தெருவில் கதறினார். பைத்தியமென்று எண்ணி ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். அக்காலத்து வைத்தியம் சவுக்கடி. அதை வாங்கியவர்தாம், வெளியே வந்ததும் நோயாளிகளைத் தோளில் சுமந்து கொண்டுவந்து தம் ஆஸ்பத்திரியில் கிடத்தினார். இடையில் அவரைக் கைதூக்கிவிட்டது ஆவிலா அருளப்பரே. பிரசங்கத்தோடு நிறுத்தாமல், அடைபட்டிருந்தவருக்குப் புத்தி சொல்லி, பிறர்சேவையில் திருப்பிவிட்டார். புனிதர்களைப் பற்றிப் பேசும்போது இந்தப் பகுதியை நாம் சீக்கிரம் தாண்டிவிடுகிறோம்.

நம் காலத்துச் சிப்பாய்களில் பலர் நாற்பது வயதுக்குள்ளாகவே ஓய்வு பெறுகிறார்கள். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேருவோரில் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாதவர்களே நிலைப்பார்கள். மற்றவர் நாலு வருஷத்தில் வீடு திரும்புவார்கள். இருபத்தைந்து வயதுப் பிள்ளை வீட்டில் சும்மா இருந்தால், "பட்டாளத்தான்" என்று கேலி பேசாதிருங்கள். இரவில் தூங்காதவனைக் குடிகாரன் என்று முடிவு கட்டாதிருங்கள். குடித்தாலும், ஏன் குடிக்கிறான் என்று தாயாவது மனைவியாவது சாந்தமாய்க் கேட்கட்டும். மனவியாதிக்கு மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவல்ல. மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது; பிழைப்புக்கு அங்கே வழி கேட்கலாம்.

தேவ அருளப்பரின் திருநாள் மார்ச் 8. கிரனாதாவில் வெள்ளப்பெருக்கின்போது ஆற்றில் அகப்பட்ட பையனைக் காப்பாற்றக் குதித்தார். குளிர்ந்த நீர் அவர் நோயை முற்றச் செய்தது. 1550-ல் அந்நாளில் முழந்தாளிட்டபடியே மரித்தார். 1690-ல் அர்ச்சியசிஷ்ட பட்டமும், 1886-ல் 13-ம் சிங்கராயர் பாப்பரசரால் நோயாளிகளின் பாதுகாவலர் என்ற பட்டமும் அந்தச் சிப்பாய்க்குக் கிடைத்தன.