வாட்டு மரச்சீனி: வெயில் இருக்கும்போதே ஒரு டின் நிறைப்போம்

மரவள்ளிக்கிழங்கைக் கேரளத்தின் பல பகுதிகளில் கப்பை என்பார்கள். பொன்முடி மலையடிவாரத்திலுள்ள விதுராவிலும் எல்லை தாண்டிக் கன்னியாகுமரியிலும் அது மரச்சீனி. சேலத்துக்காரருக்குக் குச்சிக்கிழங்கு. வீட்டுத் தோட்டத்தில் பத்து மூடு (செடி) நட்டவர்கள், அதை மழைக்காலத்துக்கு எப்படிச் சேமிப்பது என்று பார்ப்போம்.

ஏன் வாட்ட வேண்டும்?

மரச்சீனிக்குப் பொறுமை கிடையாது. தோண்டிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கறுப்பு நரம்பு ஓடிவிடும். மண்ணிலேயே விட்டுவைத்தால் நார் ஏறும். அதற்குள் காட்டுப்பன்றிக்கும் மணம் போய்விடும். வாட்டி, அதாவது கொதிநீரில் அரைவேக்காடாக்கி, உலர்த்தினால் மாதக்கணக்கில் தாங்கும். 1942-இல் பர்மா அரிசி நின்றுபோனபோது திருவிதாங்கூரில் பல வீடுகளின் வயிற்றைக் காத்தது இந்தக் கிழங்குதான்.

எப்போது?

சித்திரை, வைகாசியில் நட்டது தை, மாசியில் முற்றியிருக்கும். அந்த மாதங்களின் வெயில்தான் நமக்கு வேண்டும். பங்குனி பிறந்துவிட்டால் இந்த மலையடிவாரத்தில் மதியத்துக்கு மேல் இடிமழையை எதிர்பார்க்கலாம். முதல் வருடம் நான் பங்குனியில் தொடங்கினேன். இரண்டாம் நாளே மழை. முக்கால்வாசி உரக்குழிக்குப் போனது.

என்ன வேண்டும், எவ்வளவு செலவு?

நல்ல கத்தி, அகலமான அலுமினியப் பாத்திரம், மூங்கில் கூடை, பாய். பெரிய பாத்திரம் இல்லையென்றால், கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் கடையில் ஒருநாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். விறகுக்கு ரப்பர்ச் சுள்ளி போதும்.

10 கிலோ கிழங்கில் தோல் போக ஏழரை, எட்டு கிலோ மிஞ்சும். உலர்ந்தபின் ஏறக்குறைய 3 கிலோ. கிழங்கை விலைக்கு வாங்குகிறோம், கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உலர்ந்தது கிலோ 100 ரூபாய் அடக்கம். சொந்தத் தோட்டம் என்றால் உழைப்பு மட்டுமே. முதல் தடவைக்கு 10 கிலோ போதும்; ஆசையில் தோட்டத்தையே பிடுங்கிவிட வேண்டாம்.

முதல் நாள்: சீவி, நறுக்கி, வாட்டி

அதிகாலையில் தோண்டுவோம். மேலே பழுப்புத் தோல், அடியில் இளஞ்சிவப்பாக ஒரு தடித்த தோல்; இரண்டும் போக வேண்டும். நுனியில் கீறிக் கத்தியைத் திருகினால் சட்டை கழற்றுவதுபோல வரும். கழுவி, அரை விரல் கனத்துக்கு வட்டமாக நறுக்குவோம். கனம் ஒரே சீராக இருக்கட்டும். இல்லையென்றால் ஒன்று குழையும், ஒன்று வேகாது.

தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே துண்டுகளைப் போட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழ வேண்டும், உடையக் கூடாது. பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. உடனே கூடையில் கொட்டி வடித்துவிடுவோம்.

வெயிலில்

இங்கே நிறைய வீடுகளுக்குப் பக்கத்தில் வெயில் காய்ந்த பாறை உண்டு. அதைவிடச் சிறந்த இடம் இல்லை. இல்லாதவர்களுக்கு மொட்டைமாடியும் பாயும். தார்ப்பாய் வேண்டாம், அடியில் வியர்க்கும். ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மதியம் ஒருமுறை புரட்டி, பனி இறங்கும் முன் உள்ளே எடுத்துவிடுவோம். நல்ல வெயிலில் மூன்று, நான்கு நாள்.

ஒடித்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் ஒரு வெயில். 'டக்' என்று முறிந்தால் ஆயிற்று.

எச்சரிக்கை

மரச்சீனியில் சயனைடாக மாறக்கூடிய நச்சு உண்டு. கசக்கும் ரகங்களில் அதிகம். வாட்டிய தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். தோலும் இலையும் ஆடு மாடு எட்டும் இடத்தில் கிடக்கக் கூடாது.

பூஞ்சை பிடித்த துண்டைச் சுரண்டிப் பயன்படுத்தாதீர்கள், தூக்கி எறியுங்கள். நன்றாகக் காய்ந்த துண்டுகளை, வெயில் சூடு ஆறியபின் காற்றுப்புகாத டின்னில் அடைப்போம். வண்டுதான் பெரிய எதிரி. மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நாளில் எல்லாவற்றையும் வெளியே பரப்பி எடுத்தால் வராது.

சமைக்கும்போது

முந்தின இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை மாற்றி வேகவைத்து வடிப்போம். தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், பூண்டு, மஞ்சள் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துப் போட்டு, அகப்பைக் காம்பால் குழைத்தால் போதும். உப்பு கடைசியில். மீன்குழம்பை முந்தின நாளே வைத்துவிடுங்கள். பழசுதான் இதற்குச் சேரும்.