தோல் ஷாப்பின் கட்டடக்கலை

கட்டடக்கலை என்றதும் கோயிலும் பள்ளிவாசலும் அரண்மனையுமே நம் நினைவுக்கு வருகின்றன. தொழிற்கூடங்களை யாரும் அவ்வரிசையில் வைப்பதில்லை. ஆயினும் நாரணாபுரத்துப் பட்டாசு ஆலைகளைக் கூர்ந்து நோக்குவோர், ஒரு கட்டடம் தன் தொழிலைத் தானே உரைப்பதைக் காண்பர். ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் சிற்றறைகள். ஓர் அறைக்கே பல வாயில்கள். தீக்கு அஞ்சி எழுந்த அமைப்பு அது. அவ்வாறே நீருக்கும் நிழலுக்கும் காற்றுக்குமாக எழுந்த கட்டட வகை ஒன்று தமிழகத்தில் உண்டு. அதுவே தோல் பதனிடும் ஆலை. திண்டுக்கல் வழக்கில் ‘தோல் ஷாப்பு’.

பழைய ஷாப்பின் உயிர்நிலை கிணறும் குழிகளுமாகும். உப்பிட்டு வந்த ஆட்டுத்தோலை முதலில் நீரில் ஊறவைப்பர். பின்னர்ச் சுண்ணாம்புக் குழியில் இடுவர். மயிர் கழன்றபின், ஒட்டிய சதையைக் கத்தியால் வழித்து, ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த தொட்டிகளில் மாற்றி மாற்றி ஊறவிடுவர். இறுதியில் கடுக்காய்ச் சாறு. (நம் வட்டாரத்து மேட்டு நிலங்களில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரைதான்.) வாரக்கணக்கில் நீளும் இப்பணி முழுதும் ஈரத்தில் நிகழ்வது. ஆதலின் கீழ்த்தளத்திற்குக் கல் பாவிச் சரிவும் வடிகாலும் அமைத்தனர். மேல்தளத்தின் இலக்கணம் வேறு. ஈரத்தோல் கடும் வெயிலில் காய்ந்தால் விறைத்துப்போகும். நிழலில் உலர வேண்டும். எனவே அங்கே கெட்டிச் சுவர் குறைந்து, காற்று ஊடறுத்துச் செல்லும் மரச்சட்டங்கள் மிகுந்தன. கீழே நீர், மேலே காற்று.

குரோம் முறை இவ்வமைப்பை மாற்றிற்று. 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்ற இம்முறையை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் சோதித்து நிலைநாட்டியவர் ஆல்பிரட் சாட்டர்டன். பின்னர் ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தை அடுத்து நிறுவிய குரோம் லெதர் கம்பெனியால் ஓர் ஊரே ‘குரோம்பேட்டை’ ஆயிற்று. வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. குழிகளின் இடத்தில் சுழலும் மர உருளைகள் வந்தன. அவற்றின் பாரத்தைத் தாங்க உறுதியான அடித்தளம் வேண்டியதாயிற்று. அக்கால ஆலைகளில் உருளைகளைச் சுழற்றிய பட்டைகளும் தோலாலானவையே! இன்று அக்கம்பெனி இல்லை. இரயில் நிலையப் பலகையில் அதன் பெயர் மட்டும் நிற்கிறது.

பதனிட்ட தோல் தூய்மையடையும் என்பது நபிமொழி வழி வந்த மார்க்க விதி. பிறர் தீட்டென ஒதுங்கிய வணிகத்தில் நம் சமுதாயத்தார் தயக்கமின்றி இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். அவ்வணிகச் செல்வம் கல்விக்கும் பாய்ந்தது. திருச்சியில் 1951இல் தோன்றிய ஜமால் முகமது கல்லூரியும், மேல்விஷாரத்தில் 1965இல் தோன்றிய அப்துல் ஹக்கீம் கல்லூரியும் தோல் வணிகப் பெருமக்களின் பெயர் தாங்கி நிற்கின்றன. இதனைப் பெருமையோடு சொல்லும் நாம், குழிக்குள் இறங்கி நின்றவர்களை எண்ணுவதில்லை. அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். தோல் தூய்மையடைந்தது, அதைத் தூய்மை செய்த கைகளை ஊர் அவ்வாறு கொள்ளவில்லை. திண்டுக்கல் தொழிலாளர் வாழ்வை டி. செல்வராஜ் ‘தோல்’ என்னும் நாவலாக்கினார். அதற்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

நிலமும் தப்பவில்லை. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழ்பட்டதென 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. கட்டடத்தைத் திட்டமிட்டவர்கள் ஆலைக்குள் நீர் வருவதற்கும் வெளியேறுவதற்கும் வழி வகுத்தனர்; வெளியேறிய நீர் எங்கே போய்ச் சேரும் என்பது அவ்வரைபடத்தில் இல்லை.

பழைய ஷாப்பு ஒன்று இடிக்கப்படும்போது கல்லும் மரமும் விலைபோகின்றன. குழிக்கும் கத்திக்கும் தோலின் ஒவ்வொரு பக்குவத்திற்கும் வழங்கிய சொற்கள் எவர் ஏட்டிலும் ஏறாமல் போகின்றன. திண்டுக்கல்லிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வந்து பயிலும் மாணவர்கள், விடுமுறையில் தம் ஊர் முதியவர்களிடம் அச்சொற்களைக் கேட்டு எழுதி வருவார்களாயின், அவற்றைத் தொகுத்து வைக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம். முதலாளி வீட்டு முதியவரிடம் மட்டுமன்று, குழியில் நின்றவரிடமும் கேட்டு வருக.