விலைச்சீட்டு எழுதும் முன்

அன்புள்ள கயல்விழிக்கு,

பெங்களூரு சித்திரச் சந்தையில் உனக்கு இடம் கிடைத்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003 முதல் நடத்திவரும் சந்தை அது. குமாரகிருபா சாலையில் ஒரு நாள் வண்டிகளை நிறுத்திவிட்டு, சாலையோரம் நெடுகப் படங்களைப் பரப்பி விற்கிறார்கள். தஞ்சாவூர் ஓவியம், மைசூர் ஓவியம், மதுபனி, நீர்வண்ணம், அக்ரிலிக் என்று எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். நூறு ரூபாய்ப் படமும் உண்டு, லட்ச ரூபாய்ப் படமும் உண்டு. எதை வரைந்து எடுத்துப் போவது என்று நான் சொல்லப் போவதில்லை. அது உன் கண்ணுக்கும் கைக்கும் தெரியும். விலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்த ஒரே நாளில் உன்னை மிகவும் தடுமாற வைக்கப்போவது அதுதான். கையால் வரைந்த அசலின் விலையை மாலையானாலும் குறைக்காதே. குறைந்த பணத்தோடு வருகிறவர்களுக்கு, அவர்களால் வாங்க முடிகிற வேறொரு பொருளைத் தயாராக வைத்திரு. நான் சொல்ல வருவது இவ்வளவுதான், காரணங்களைக் கேள்.

மலிவை நம்பி வாழ்ந்த ஓவியர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் காளிகாட்டில் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் கொல்கத்தாவின் காளி கோயிலுக்கு வந்த பக்தர்களுக்காக, பட்டுவா எனப்படும் ஓவியர்கள் ஆலைத் தாளில் நீர்வண்ணத்தால் விரைவாக வரைந்து, மிகக் குறைந்த காசுக்கு விற்றார்கள். அந்தக் கோடுகளின் உறுதியை இன்று உலகமே வியக்கிறது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஒரு பெரிய தொகுப்பையே வைத்துக் காக்கிறது. ஆனால் அன்று வாங்கியவர்களில் பெரும்பாலோர்க்கு அது ஊருக்குக் கொண்டுபோக ஒரு சாமிப்படம், அவ்வளவே. ஜெர்மனியிலும் பம்பாயிலும் அச்சான பளபளப்பான படங்கள் இன்னும் மலிவாக வந்ததும் மக்கள் அவற்றுக்கு மாறினார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதிக்குள் அந்தத் தொழில் ஓய்ந்துவிட்டது. விலையில் இயந்திரத்தோடு மோதினால் கை தோற்கும். இன்று நீ நிற்கும் இடமும் அதுவே. கேன்வாஸில் அச்சடித்த படங்கள் மரச்சாமான் கடையிலும் இணையத்திலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. உன் அசலை எவ்வளவு இறக்கினாலும் அந்த விலைக்கு உன்னால் வர முடியாது. இறக்க இறக்க, அதையும் இதையும் ஒரே வகைப் பொருளாக நினைக்க நீயே வாங்குகிறவரைப் பழக்குகிறாய்.

அப்படியானால் எளியவர்களுக்குக் கலை வேண்டாமா என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தக் கேள்விக்கு வங்க ஓவியர் ஜாமினி ராயை விட வலுவான சான்று இல்லை. நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும்படி தன் படங்களின் விலையை அவர் வேண்டுமென்றே குறைவாக வைத்தார். ஆனால் அவர் செய்த மற்றவற்றையும் சேர்த்துப் பார். எளிதில் கிடைக்கும் பொருள்களிலிருந்து வண்ணங்களை ஆக்கிக்கொண்டார், துணியிலும் பாயிலும்கூட வரைந்தார், ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பத் தீட்டினார். குறைந்த விலைக்கு ஏற்ற வேலைமுறையை முதலில் அமைத்துக்கொண்ட பிறகே அது அவருக்குக் கட்டுப்படியானது. மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த ஒரு படத்தை, மாலை ஐந்து மணிக்கு ஒருவர் உதட்டைப் பிதுக்கியதற்காகப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவது வேறு காரியம். அதில் எளியவருக்கு உதவி எதுவும் இல்லை. வாய்ச்சாமர்த்தியம் உள்ளவருக்குத்தான் லாபம். காலையில் முழு விலை கொடுத்து வாங்கிப்போனவருக்கு அது துரோகமும்கூட.

சிறிய தொகைக்குத் தனிப் பொருள் என்ற வழியை நம் சென்னைக் கலைஞர்களே காட்டியிருக்கிறார்கள். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது, அதில் சேர்ந்த இளைஞர்களின் ஓவியங்களுக்குப் பெரிய சந்தை எதுவும் இல்லை. பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கப் பணம் அந்த விற்பனையிலிருந்து வந்தது. வயிற்றுப்பாட்டைக் கைவினை பார்த்துக்கொண்டதால், ஓவியத்தை வாங்குகிறவரின் விருப்பத்துக்கு வளைக்க வேண்டிய நிலை குறைந்தது. ஓவியர் ரவி வர்மாவும் அசலையும் மலிவுப் பொருளையும் பிரித்தே வைத்தார். எண்ணெய் ஓவியங்கள் பரோடா, மைசூர் அரண்மனைகளுக்குப் போயின. 1894இல் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் சாதாரண வீடுகளுக்குப் போயின. அச்சுப்படம் பரவியதால் அவருடைய அசலின் மதிப்பு கெட்டுவிடவில்லை. அச்சகம் அவரைக் கடனில் இறக்கியது என்பதையும் மறக்காதே. சில ஆண்டுகளில் அதை விற்க வேண்டியதாயிற்று. ஆகவே உன் படங்களை அச்சுப் பிரதியாக விற்கும்போது, மலிவாகிறதே என்று ஐந்நூறு பிரதி அடித்து வீட்டில் அடுக்காதே. நல்ல தாளில் இருபது, முப்பது போதும். ஒவ்வொன்றிலும் கையெழுத்தும் வரிசை எண்ணும் இடு. ‘அச்சுப் பிரதி’ என்று முன்னாலேயே தெரியும்படி எழுதி வை; இதில் மழுப்பினால் உன் அசலையும் யாரும் நம்பமாட்டார்கள். அசல் விற்றுப்போன பிறகும் பிரதி எடுக்கும் உரிமை, நீயே எழுதிக் கொடுத்தாலொழிய, உன்னிடமே இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதை உன் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் தருகிறது. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டபடி வரைந்து தரும் படத்துக்கு மட்டும் விதி வேறு. முன்கூட்டியே பேசி அதைத் தெளிவாக்கிக்கொள்.

பேரம் நம் ஊர்ப் பழக்கம், குறைக்காவிட்டால் கோபித்துக்கொண்டு போவார்கள் என்பது உன் அடுத்த பயமாக இருக்கும். சிலர் போகத்தான் செய்வார்கள். விலை எப்படி வந்தது என்று உன்னால் சொல்ல முடிந்தால் பலர் நின்று கேட்பார்கள். பல ஓவியர்கள் சதுர அங்குலக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 12க்கு 16 அங்குலப் படம் 192 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 25 ரூபாய் என்றால் 4,800, ஃபிரேம் தனி. எந்த வீதம் என்பது உன் தேர்ச்சியையும் நேரத்தையும் பொறுத்தது. எல்லாப் படத்துக்கும் அதே வீதம் இருந்தால் கேட்பவருக்கு நியாயம் புரியும், உனக்கும் குரல் தடுமாறாது. இரண்டு படம் சேர்த்து எடுப்பவருக்கு ஒரு சலுகை தர நினைத்தால் அதையும் முந்தின இரவே முடிவு செய்து அட்டையில் தெளிவாகப் பெரிய எழுத்தில் எழுதி வை. ஆளைப் பார்த்துத் தராதே. விற்காத படத்தைத் திரும்பச் சுமந்து வருவது வருத்தம்தான், ரயிலில் இடைஞ்சல்தான். ஆனால் அந்தப் படம் அடுத்த கண்காட்சியில் அதே விலைக்கு நிற்க முடியும். பாதி விலைக்குப் போன படமோ, இனி நீ விற்கும் எல்லாப் படங்களின் விலையையும் கீழே இழுக்கும்.

சந்தைக்கு ஒரு வாரம் முன்பே விலைப்பட்டியலை எழுதி எனக்கு அனுப்பு. தாள், வண்ணம், ஃபிரேம், பயணம், அங்கே தங்கும் செலவு எல்லாவற்றையும் பக்கத்தில் குறித்திரு. உன் உழைப்பு நேரத்தை அதில் சேர்க்காமல் விட்டுவிடாதே அம்மா.

அன்புடன்,
பெரியப்பா