எண்ணெயும் ஆற வேண்டும்

நல்லேப்பிள்ளி பாலக்காடு மாவட்டத்தில் உள்ள ஊர். வயல்கள் நிறைந்த ஊர். அங்கிருந்து ஒரு குடும்பம் காரில் வால்பாறைக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பொள்ளாச்சி தாண்டினால் ஆழியாறு. அதற்கு மேல் மலைப்பாதை. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள்.

அது தானாகவே கியர் மாற்றும் கார். கிளட்ச் மிதி கிடையாது. இஞ்சினின் சுழற்சியை ஒருவகை எண்ணெய்தான் கியர் பெட்டிக்குக் கொண்டு போகிறது. எப்படி? இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்றில் மற்றதும் சுற்றும். காரில் காற்றுக்குப் பதில் எண்ணெய். ஏற்றத்தில் ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றும். நடுவே எண்ணெய் மோர் போலக் கடைபடும். அதனால் சூடாகும்.

சூடு 120 டிகிரிக்கு மேல் போனால் எண்ணெய் சீக்கிரம் கெடும். சிவப்பு நிறம் கருக்கும். தீய்ந்த வாடை வரும். பிறகு கியர் பெட்டியே பழுதாகும். அந்தச் செலவு சிறிதல்ல.

சூடான பாலை எப்படி ஆற்றுகிறோம்? பாத்திரத்தைத் தண்ணீரில் வைக்கிறோம். காரிலும் அதே வழிதான். பல கார்களில் ரேடியேட்டரின் ஒரு பக்கத் தொட்டிக்குள் சிறு குழாய் இருக்கும். எண்ணெய் அதற்குள் ஓடும். சுற்றிலும் தண்ணீர். ஆறிய எண்ணெய் கியர் பெட்டிக்குத் திரும்பும்.

"ரேடியேட்டர் தண்ணீரே கொதிக்கிறதே, அது எப்படி ஆற்றும்?" நல்ல கேள்வி. தண்ணீரின் சூடு சுமார் 90 டிகிரி. எண்ணெய் அதைவிடச் சூடு. சூடு அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகும். சில கார்களில் எண்ணெயைக் காற்றில் ஆற்றத் தனி ரேடியேட்டரும் உண்டு.

உள்குழாய் ஓட்டையானால் எண்ணெயும் தண்ணீரும் கலக்கும். எண்ணெய் ரோஸ்மில்க் போல ஆகிவிடும். அதற்குப் பிறகு காரை ஓட்டவே கூடாது. கட்டி இழுத்தும் போகக் கூடாது. வேறு வண்டியில் ஏற்றித்தான் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும்.

ஏற்றத்தில் சிறிய கியரில் போனால் எண்ணெய் அவ்வளவு சூடாகாது. எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்த வேண்டும். கியரை 'பி'யில் வைத்து, கைபிரேக் போட்டு, இஞ்சினைச் சும்மா ஓடவிட வேண்டும். அப்போதுதான் எண்ணெய் குழாயில் ஓடி ஆறும். ஆனால் ரேடியேட்டரில் ஆவி பறந்தால் இஞ்சினை உடனே அணைக்க வேண்டும். மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கும். திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறிய பிறகு, மூடிமேல் தடித்த துணி போட்டு மெல்லத் திருக வேண்டும்.